மூத்திரக் கல்லும் முப்பத்தெட்டு வாழையும்

போன வருடம் தை மாதம். கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆண்கள் கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை என்று கூப்பிட்டார்கள். மறுநாள் முகூர்த்தம். ஸ்பிரிங் கம்பி விட்டுப் பார்த்தேன், ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. சரி, அறுத்துவிடலாம் என்று ஆக்ஸா பிளேடை எடுத்தேன். ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. குழாய் அது. அறுத்த முகத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. மற்றதெல்லாம் கல். வெளிப்பக்கம் பழுப்பு, உள்ளே போகப் போக நாமக்கட்டி போல வெள்ளை. மரத்தை அறுத்தால் வளையம் வளையமாகத் தெரியுமே, அப்படி அடுக்கடுக்காகப் படிந்திருந்தது.

பதினெட்டு வருடமாக பிளம்பிங் வேலை செய்கிறேன். இந்தக் கல்லை எத்தனையோ தடவை ஆசிட் ஊற்றிக் கரைத்திருக்கிறேன், அறுத்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். அது என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிளஸ் டூ படிக்கும் மகன் அதைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு, "அப்பா, இது உரம்" என்றான்.

விஷயம் இதுதான். சிறுநீர் உடம்பை விட்டு வரும்போது அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் யூரியாவாக இருக்கிறது. கடையில் மூட்டையில் வாங்குகிறோமே, அதே யூரியாதான். குழாயில் தங்கியவுடன் பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியாவாக மாற்றுகிறது. மூக்கில் அடிக்கும் நெடி அதுதான். அம்மோனியா கூடியதும் காரத்தன்மை ஏறுகிறது, பி.எச். 9 வரை போகிறது. காரம் ஏறியதும் சிறுநீரில் கரைந்திருந்த பாஸ்பேட், மக்னீசியத்தோடும் அம்மோனியத்தோடும் சேர்ந்து கல்லாக இறங்குகிறது. அதற்கு ஸ்ட்ரூவைட் என்று பெயர். கால்சியம் பாஸ்பேட்டும் கூடவே படியும். மண்டபத்தில் ஊற்றுவது போர் தண்ணீர், அதில் ஏற்கெனவே உப்பு அதிகம். அதனால் கல் இன்னும் சீக்கிரம் வளர்கிறது. சிலருக்குச் சிறுநீரகத்தில் வரும் கல்லிலும் ஒரு வகை இதே ஸ்ட்ரூவைட்தான்.

சுத்தமான ஸ்ட்ரூவைட்டில் பாஸ்பரஸ் 12.6 சதவீதம். உர மூட்டையில் பாஸ்பரஸை ஆக்சைடாகக் கணக்கிட்டு மணிச்சத்து என்று எழுதுவார்கள், அந்தக் கணக்கில் சொன்னால் சுமார் 29 சதவீதம். டி.ஏ.பி. உரத்தில் 46. சம்பா தொடக்கத்தில் டி.ஏ.பி. மூட்டைக்காக நாள் முழுக்க வரிசையில் நின்றவன் நான். நான் ஆசிட் ஊற்றி ஓட்டிய கல் அதற்கு உறவுக்காரன் என்று தெரிந்தபோது மனசு என்னவோ போல ஆகிவிட்டது.

வேறொன்றும் உறுத்தியது. எங்கள் பகுதியில் கழிப்பறைக் குழிக்கு சிமெண்ட் உறை இறக்குவதும் என் வேலை. திருவையாறு பக்கம் படுகை ஊர்களில் மழைக்காலத்தில் நாலடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். அந்தத் தண்ணீருக்குள்ளேயே உறையை இறக்கிவிட்டு வருவோம். இருபது அடி தள்ளி அடிபம்பு இருக்கும். வீட்டுக் கழிவுநீரின் மொத்த அளவில் சிறுநீர் நூற்றில் ஒரு பங்குதான், ஆனால் அதில் உள்ள தழைச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு அந்தச் சிறுநீரில் இருக்கிறது. உறைக்கு வெளியே கசிந்து மண்ணில் அது நைட்ரேட்டாகி, நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. வயலுக்குப் போக வேண்டியதை அடிபம்புக்கு அனுப்பும் வேலையை என் கையாலேயே செய்துகொண்டிருந்திருக்கிறேன். இந்தப் பதிவில் உள்ள எல்லாவற்றையும் நான் செய்து பார்த்ததற்குக் காரணம் அதுதான்.

புதிய யோசனை ஒன்றும் இல்லை இது. நமக்கு மேற்கே, காவிரியின் வடகரையில் முசிறி இருக்கிறது. அங்கே ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2006-இல் மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகப் பிரிக்கும் சமுதாயக் கழிப்பறை ஒன்றைக் கட்டியது. ஆற்றோரம் என்பதால் அங்கேயும் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். கழிப்பறைக்குப் போனால் நாம் காசு கொடுப்போம், அங்கே வந்து போனவர்களுக்கு ஒரு தடவைக்கு 10 காசு கொடுத்தார்கள். அந்த நிறுவனத்தை நடத்தும் சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் பக்கத்து ஊரில் நடந்த காரியம் இது, நம்மில் பல பேருக்குத் தெரியாது.

வீட்டில் பேச்சை எடுத்தபோது அம்மாதான் முதலில் முகம் சுளித்தார். "மாட்டு மூத்திரம்னா வாசல்ல தெளிப்போம். மனுஷ மூத்திரத்தைப் பிடிச்சு வைப்பாங்களாடா?" அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, வாழ்நாளெல்லாம் நாற்றுக்கட்டும் நுகத்தடியும் பார்த்தவர். அவர் சொன்னார்: "ஏன், அறுவடை முடிஞ்சா ராமநாதபுரத்துலேருந்து கீதாரி வருவான். ஒரு ராத்திரி கிடை போட நெல்லு அளந்தோம். எதுக்கு? ஆடு போடுற புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும்தான். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்னு சும்மாவா சொன்னாங்க? நாங்க சின்னப் பிள்ளையில ராத்திரி எழுந்தா தென்னம்பிள்ளை அடியிலதான் இருக்கச் சொல்லுவாங்க." அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள் என்றார். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இடம் பார்த்தேன்.

மாசி முதல் வாரம் வேலை ஆரம்பம். அப்பா, நான், மகன், மூன்று பேர் கணக்கு. பிளாஸ்டிக் தண்ணீர் கேனின் மேல்பாகத்தை வெட்டிக் கவிழ்த்தால் நல்ல புனல். அதைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பொருத்தினேன். புனலின் கழுத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்து. சிறுநீர் விழும்போது பந்து மிதந்து வழிவிடும், நின்றதும் கழுத்தில் உட்கார்ந்து மூடிக்கொள்ளும். நெடி மேலே வராது. தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, அதைத்தான் வீட்டில் பழக்கப்படுத்தச் சிரமமாக இருந்தது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

புனலிலிருந்து கீழே 200 லிட்டர் நீல டிரம். இந்த இணைப்பில் நான் மூன்று தப்பு செய்தேன். மூன்றும் பிளம்பர் புத்தியால் வந்த தப்புகள், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

ஒன்று, செப்டிக் டேங்குக்கு வைப்பது போல டிரம்முக்கு ஒரு காற்றுக் குழாய் வைத்தேன், முனையில் கொசுவலை கட்டி. பத்தே நாளில் கொட்டகைப் பக்கம் போக முடியவில்லை, கண் எரிந்தது. செப்டிக் டேங்கில் வாயு வெளியேற வேண்டும். இங்கே வெளியே போகும் அம்மோனியாதான் நாம் பிடித்து வைக்க நினைக்கும் தழைச்சத்து. நெடி வந்தால் உரம் பறக்கிறது என்று அர்த்தம். காற்றுக் குழாயைக் கழற்றி மூடியை ரப்பர் வாஷரோடு இறுக்கினேன். மேலிருந்து வரும் குழாயை டிரம்மின் அடியிலிருந்து நாலு விரல் உயரம் வரை உள்ளே இறக்கினேன். அப்போது புதிதாக வருவது திரவத்துக்குள்ளேயே சேர்கிறது, மேலே இருக்கும் காற்றைக் கலக்குவதில்லை. உள்ளே அழுத்தம் சேராமல் இருக்க மூடியில் குண்டூசி அளவுக்கு ஒரு துளை மட்டும். அன்று சாயங்காலமே நெடி அடங்கிவிட்டது.

இரண்டு, டிரம்மின் அடியில் திறக்க வைத்த வால்வு. கையில் நல்ல பித்தளை பால் வால்வு ஒன்று மிச்சம் இருந்தது, முப்பது வருடம் உழைக்கும் சரக்கு. அதைப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திருப்பினால் கைப்பிடி அசையவே இல்லை. ரெஞ்ச் போட்டு ஒரு நெம்பு நெம்பினதும் கழுத்தோடு விண்டு வந்துவிட்டது. முதலில் ஒழுகிய ஒரு குவளைத் திரவம் நீலமாக இருந்தது, துணிக்குப் போடும் சொட்டு நீலம் மாதிரி நல்ல நீலம். அம்மோனியா பித்தளையில் உள்ள செம்பை அரித்துக் கரைத்திருக்கிறது. வெட்டுப்பட்ட முகத்தில் மயிரிழை மயிரிழையாக விரிசல். அந்த நீலத் தண்ணீரைப் பயிருக்கு விடாமல் தனியாக எடுத்து வைத்தேன். இப்போது பி.வி.சி. வால்வு. இந்த வேலையில் பித்தளை, செம்பு, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எதுவும் ஆகாது. ஸ்க்ரூகூட ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

மூன்று, புனலுக்குக் கீழே வழக்கம்போல 90 டிகிரி எல்போ போட்டது. நாலாவது மாதம் அங்கே அடைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் மண்டபத்தில் பார்த்த அதே கல், குட்டிப் பதிப்பு. வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒரு ராத்திரி ஊறப்போட்டதும் விட்டுவிட்டது. எல்போவை எடுத்துவிட்டு இரண்டு 45 டிகிரி பெண்டு போட்டேன், சரிவையும் கூட்டினேன். அதற்கப்புறம் இதுவரை அடைக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: இங்கே பிளீச்சிங் பவுடர் மட்டும் போட்டுவிடாதீர்கள். அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுவாயு வரும்.

மூன்று பேரும் பகலில் வெளியே போய்விடுவதால் நாளைக்கு மூன்று லிட்டர்தான் சேர்ந்தது. சித்திரை பாதியில் முதல் டிரம் 190 லிட்டரைத் தொட்டது. அதை மூடி வைத்துவிட்டு இரண்டாவது டிரம்முக்குக் குழாயை மாற்றினேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல்படி, ஒரு குடும்பம் தன் சிறுநீரைத் தன் பயிருக்கே விடுவதாக இருந்தால் சேமித்து வைக்காமலே விடலாம், கடைசியாக விட்டதற்கும் அறுவடைக்கும் இடையில் ஒரு மாதம் இருந்தால் போதும். பலர் சேர்ந்து பயன்படுத்தும் இடமாக இருந்தால் மாதக்கணக்கில் மூடி வைக்க வேண்டும். அந்தக் காரமும் அம்மோனியாவும்தான் கிருமியைக் கொல்கின்றன. நான் எதற்கும் இரண்டு மாதம் வைத்தேன். நடுவில் அப்பாவுக்கு நீர்க்கடுப்பு வந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாட்களிலும், அதற்கப்புறம் ஒரு வாரமும் அவரை வீட்டுக் கழிப்பறைக்கே போகச் சொல்லிவிட்டேன்.

இனி கல் கதை.

உண்மையைச் சொன்னால், இந்த வேலையை நான் ஆரம்பித்ததே அந்த வெள்ளைப் பொடிக்காகத்தான். மண்டபத்துக் குழாயில் தானாகப் படிந்ததை நானாகப் படியவைத்து, பொடியாக்கி, டப்பாவில் போட்டு வைக்க வேண்டும் என்று ஆசை. தானாகப் படிவது பாதியில் நிற்பதற்குக் காரணம் சிறுநீரில் மக்னீசியம் குறைவு என்பதுதான். மக்னீசியத்தை நாம் கொடுத்தால் மிச்சப் பாஸ்பேட்டும் இறங்கிவிடும். தென்னைக்குப் போடும் மக்னீசியம் சல்பேட் உரக்கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது.

மூடி வைத்த டிரம்மிலிருந்து தெளிவாக 20 லிட்டர் எடுத்தேன். கணக்குப்படி லிட்டருக்கு 2 கிராம், ஆக 40 கிராம் மக்னீசியம் சல்பேட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு மூங்கில் குச்சியால் பத்து நிமிடம் கலக்கினேன். முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கஞ்சித்தண்ணீர் மாதிரி மங்கலாக ஆரம்பித்தது. மகன் டார்ச் அடித்தான். வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான துகள்கள் மினுமினுவென்று சுழன்றன, வெயில் கீற்றில் தூசி பறப்பது போல. கலக்குவதை நிறுத்தியதும் மெதுவாக அடியில் இறங்கின. ஒரு மணி நேரத்தில் வாளியின் அடியில் வெள்ளையாக ஒரு படுகை.

மேலே தெளிந்ததை வடித்துவிட்டு, அடியில் நின்றதைப் பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினேன். அதைத் தகரத்தில் பரப்பிக் கத்திரி வெயிலில் வைத்தது அடுத்த தப்பு. ஸ்ட்ரூவைட்டுக்குள் நீரும் அம்மோனியாவும் கட்டுப்பட்டு இருக்கின்றன. 55 டிகிரி தாண்டினால் இரண்டும் கிளம்ப ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் தகரம் கை வைக்க முடியாமல் கொதிக்கும். நெடி வந்ததும் ஓடிப்போய் எடுத்தேன். இரண்டாம் முறை நிழலில், துணியிலேயே, இரண்டு நாள். காய்ந்ததும் விரலில் தேய்த்தால் ரவையைவிட நைசாக, கொஞ்சம் நறநறவென்று இருந்தது. வாசனையே இல்லை. செல்போன் கேமராவுக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். குச்சி குச்சியாக, பட்டை தீட்டினது போல ஒவ்வொன்றும். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கோலமாவு மாதிரி இருக்கு" என்றார். அவர் கையில் வாங்கியதே எனக்குப் பெரிய விஷயம்.

வேதாரண்யத்தில் இருக்கும் மச்சான் உப்பளத்திலிருந்து, உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீர் இரண்டு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அதில் மக்னீசியம் நிறைய உண்டு. 20 லிட்டருக்கு 100 மில்லி ஊற்றினேன். சல்பேட் போட்டது போலவே மங்கலாகி இறங்கியது. டெல்டாவின் ஒரு மூலையில் கீழே கொட்டுவதும் இன்னொரு மூலையில் குழாயில் ஓட்டுவதும் சேர்ந்தால் உரம். இதைச் செய்து பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் தராசில் வைத்தபோதுதான் நிலவரம் தெரிந்தது. 20 லிட்டருக்குக் கிடைத்தது 27 கிராம். அதில் பாஸ்பரஸ் ஏறக்குறைய மூன்றரை கிராம், அது பரவாயில்லை, பொருள்படும். தழைச்சத்து எவ்வளவு? ஒன்றரை கிராம். வடித்து ஊற்றிய தெளிந்த தண்ணீரில் எவ்வளவு இருந்திருக்கும்? லிட்டருக்கு 4 கிராம் என்று வைத்தாலும் 80 கிராம். முதல் முறை அந்தத் தண்ணீரைக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டிவிட்டேன். பொடி அழகாக இருக்கிறது என்பதற்காக ஐம்பது பங்கை ஊற்றிவிட்டு ஒரு பங்கை டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். தூரத்துக்கு எடுத்துப் போக வேண்டும், விற்க வேண்டும், பெரிய ஊரின் கழிவிலிருந்து பாஸ்பேட்டைப் பிடிக்க வேண்டும் என்றால் ஸ்ட்ரூவைட் சரியான வழி. கொட்டகையிலிருந்து தோப்பு முந்நூறு அடியில் இருக்கும் ஒரு வீட்டுக்கு, திரவத்தையே கொண்டுபோய் ஊற்றுவதுதான் முறை. அதிலிருந்து நான் பொடி செய்வதை நிறுத்திவிட்டேன். டிரம்மின் அடியில் தானாகப் படிந்த வண்டலைக் கலக்கிவிட்டு, அதையும் சேர்த்தே எடுக்கிறேன்.

இப்போது தோப்பு. எனக்கு ஒரு மா நிலத்தில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) பூவன் வாழை, பம்புசெட் பாசனம், சித்திரையில் நட்டது, ஏறக்குறைய 400 மரம். தோட்டக்கால் பூவனுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு மரம் ஒன்றுக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 330. டிரம்மில் 190 லிட்டர், மரத்துக்கு ஒரு தடவைக்கு 5 லிட்டர், ஆக 38 மரம். இரண்டு வரிசை. பக்கத்து இரண்டு வரிசைக்கு வழக்கம்போல யூரியா. ஆனி, ஆவணி, கார்த்திகைக் கடைசி, தை என்று நாலு தடவை ஊற்றினேன். அப்படிப் பார்த்தால் மரத்துக்கு 80 கிராம் தழைச்சத்து. மிச்சத்தை யூரியாவாகக் கொடுத்தேன். சாம்பல் சத்து சிறுநீரில் வாழைக்குப் போதவே போதாது, பொட்டாஷ் எல்லா வரிசைக்கும் ஒரே அளவு போட்டாக வேண்டும். அடுப்புச் சாம்பல் இருக்கிறதே என்று டிரம்முக்குள் போட்டுவிடக் கூடாது. சாம்பல் காரம், உள்ளே இருக்கும் அம்மோனியாவைக் கிளப்பிவிடும். சாம்பலை வேறொரு நாள் தனியாகப் போடலாம்.

ஆனியில் முதல் தடவை அவசரப்பட்டேன். காலை பத்து மணி வெயிலில், காய்ந்த மண்ணில், கன்றை ஒட்டியே ஊற்றினேன். மூன்றாம் நாள் ஆறு கன்றில் இலை ஓரம் கருகியிருந்தது. உடனே மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் கட்டினேன், பிழைத்துக்கொண்டன. இப்போது முறை இது: சாயங்காலம், முந்தின நாள் தண்ணீர் பாய்ந்த ஈர மண்ணில், மரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மண்வெட்டியால் பிறை மாதிரி நாலு விரல் ஆழத்துக்குப் பறித்து, மண்ணை ஒட்டிக் குவளையைத் தாழ்த்தி ஊற்றி, அடுத்த நிமிடமே மூடிவிட வேண்டும். வாளியை மேலே தூக்கி ஊற்றினால் பாதி காற்றோடு போய்விடும். மறுநாள் லேசாகத் தண்ணீர். மண் மூடிய பத்து நிமிடத்தில் நெடி இல்லை. இலையில் படக் கூடாது. கீரைக்கு நான் ஊற்றுவதில்லை.

ஐப்பசியில் அடைமழை. தோப்பில் கணுக்கால் தண்ணீர் நின்றது. இரண்டு டிரம்மும் நிரம்பிவிட்டன. அந்த ஈரத்தில் ஊற்றினால் எல்லாம் வடிந்து வாய்க்காலுக்குத்தான் போகும் என்று தெரியும், அதனால் மூன்றாவதாக ஒரு டிரம் வாங்கினேன். இந்தப் பக்கம் யாராவது செய்தால் மழைக்காலத்துக்கென்று முதலிலேயே ஒரு டிரம் கூடுதலாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: நாம் சாப்பிடும் உப்பில் பெரும்பங்கு சிறுநீரில்தான் வெளியேறுகிறது. வடிகால் உள்ள படுகை மண்ணில் எனக்குப் பிரச்சினை தெரியவில்லை. ஏற்கெனவே உப்புப் பூத்த கடைமடை நிலத்தில் வருடக்கணக்கில் இதை ஊற்ற நான் சொல்ல மாட்டேன். அங்கே தென்னைக்குக் கொடுக்கலாம். தென்னை அந்த உப்பைத் தாங்கும்.

கார்த்திகையில்தான் அந்தப் பேச்சு வந்தது. எங்கள் தோப்பில் கொத்தவும் மண் அணைக்கவும் ஒரு அக்கா பல வருடமாக வருகிறார். நான் கேனைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப நீங்க தூக்குறீங்க. நாளைக்கு இது ஊரெல்லாம் பரவினா யாரைத் தூக்கச் சொல்லுவாங்க? எங்களைத்தானே?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கேட்டது உரத்தைப் பற்றி இல்லை. இந்த மண்ணில் மற்றவர் கழிவை யார் தலையில் ஏற்றினோம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்து 2013-இல் சட்டம் வந்த பிறகும், அடைத்த தொட்டிக்குள் இறங்க ஆள் கேட்டு எனக்கே போன் வந்திருக்கிறது. முடியாது என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த டிரம்மை வைத்தபோது அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன். எங்கள் வீட்டுச் சிறுநீரை எங்கள் வீட்டார் மட்டும்தான் தொடுவோம். கையுறை போட்டுக்கொண்டு நானும் மகனும். கூலிக்கு வருபவர் யாரையும் கேனைப் பிடி என்றுகூடச் சொல்வதில்லை, நாங்கள் ஊற்றும் நாளில் தோப்பில் வேறு வேலையும் வைப்பதில்லை. தை மாதத்துக்குள் தூக்குவதே இல்லாமல் பண்ணிவிட்டேன். டிரம்மை மூன்றடி மேடையில் ஏற்றி, அரை இஞ்ச் ஓஸை வால்விலிருந்து தோப்பு வரைக்கும் இழுத்தாயிற்று. பள்ளம் பார்த்துத் தானாக ஓடுகிறது. முனையில் ஒரு பி.வி.சி. வால்வு. பறித்த பிறையில் முனையை வைத்துத் திறந்து, 5 லிட்டர் ஆனதும் மூடினால் போதும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது தேவலாம்" என்றார். இந்த வேலையைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதலில் ஓஸைத்தான் காட்டுகிறேன். கேனில் தூக்குவதாக இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம் என்பேன்.

காசுக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு டிரம்மில் இருக்கும் தழைச்சத்து ஏறக்குறைய 760 கிராம். யூரியாவாக வாங்கினால் ஒன்றே முக்கால் கிலோகூட வராது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு விற்கும்போது அதன் விலை பத்து ரூபாய். இரண்டு மாதம் சேர்த்ததற்குப் பத்து ரூபாய். பணம் மிச்சமாகும் என்று யாரும் இதற்கு வர வேண்டாம். மூட்டை அந்த விலைக்குக் கிடைப்பது அரசு மானியத்தால். பொட்டாஷ் முழுக்க வெளிநாட்டிலிருந்து வருகிறது, பாஸ்பேட் பாறையிலும் பெரும்பகுதி அப்படித்தான். வெள்ளத்தில் வண்டல் வந்து படிந்த நிலம் இது. 1934-இல் மேட்டூர் வந்த பிறகு அந்த வண்டலில் பெரும்பங்கு மேலேயே தங்கிவிடுகிறது. மேலிருந்து வந்ததும் குறைந்து, நம்மிடமிருந்து திரும்ப வேண்டியதும் உறைக்குள் போனால் வயலுக்கு மிஞ்சுவது மூட்டை மட்டும்தான். பத்து ரூபாயைப் பார்த்து இதை விட எனக்கு மனசில்லை.

தார் வெட்டியது இந்த வைகாசியில். கடைசியாக ஊற்றியது தையில், எனவே ஒரு மாத இடைவெளி தாராளமாக இருந்தது. 38 மரத்தில் இரண்டு காற்றில் சாய்ந்துவிட்டன. மிச்சம் 36 தாரையும், பக்கத்து யூரியா வரிசைத் தார்களையும் நானும் அப்பாவும் சீப்பு எண்ணினோம். இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒன்பது, பத்து சீப்பு. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு அது போதும். முதல் தாரை அம்மா வாங்கி, பழுக்கவைத்து, தெருவில் எல்லார் வீட்டுக்கும் ஒரு சீப்பு கொடுத்தனுப்பினார். எதில் விளைந்தது என்றும் சொல்லித்தான் கொடுத்தார். ஒரு வீட்டில் மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

போன வாரம் அதே மண்டபத்திலிருந்து போன். அதே குழாய், அதே இடம். இந்தத் தடவை அறுத்த துண்டை முதலாளியிடமே காட்டினேன். ஒவ்வொரு சீசனுக்கும் எனக்குக் கொடுக்கும் கூலியை வைத்து, ஆறு சிறுநீர்ப் பேசினில் இரண்டைத் தண்ணீர் விடாத முறைக்கு மாற்றி, தனிக் குழாயில் பின்புறம் ஒரு மூடிய தொட்டிக்கு விடலாம் என்றேன். ஊர் பேர் தெரியாத நூறு பேருடையது, அதனால் ஆறு மாதம் மூடி வைக்க வேண்டும், அதற்கு இரண்டு தொட்டி வேண்டும் என்றும் சொன்னேன். "யார் அள்ளுறது?" என்று அவரும் அதையேதான் கேட்டார். மோட்டார் வைத்து நேராகத் தென்னந்தோப்புக்கு ஓஸில் விடலாம், யாரும் கை வைக்க வேண்டியதில்லை என்றதும், முதலில் ஒரு பேசினில் செய்து பார்ப்போம் என்றிருக்கிறார்.

நேற்றுப் போய் அளவெடுத்து வந்தேன். பேசினிலிருந்து தொட்டி வரை இருபத்திரண்டு அடி, நடுவில் ஒரு தூண். ஒன்றரை இஞ்ச் வேண்டாம், இரண்டரை இஞ்ச் குழாய் போடப் போகிறேன். எல்போ ஒன்றும் கிடையாது, 45 டிகிரி பெண்டு நாலு, தூணுக்குப் பக்கத்தில் திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடி. ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.